நெற்றிச்சுழி நாற்காலி

வீட்டுக்கு இரண்டு நாற்காலி வேண்டும் என்று நான் வாய் திறந்து கேட்ட அன்று என் மாமியார் கடலை உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "எதுக்கு சாமி? ஊட்டுல யாருக்குக் காலு மடங்காமப் போச்சு?" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால் உண்மைக் காரணமே ஒரு மடங்காத கால்தான். அது என் அப்பாவுடைய கால்.

அது யுத்த காலம். கல்யாணமாகி சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தேன். நிலம், கிணறு, மாடு எதற்கும் குறைவில்லை. உட்காரத்தான் இடம் கிடையாது. மாமனாருக்கு ஒரு கயிற்றுக் கட்டில்; மற்ற எல்லோருக்கும் பாய். வரி விஷயமாக வரும் அதிகாரிக்கு உரலைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஒரு துண்டை விரிப்பார்கள். அவரும் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து கணக்கு எழுதிவிட்டுப் போவார். யாருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை.

என் அப்பாவுக்குக் கிணற்றடியில் மாடு தள்ளி, வலது முழங்கால் சரியாக மடங்காமல் போயிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் ஆடிக்கு என்னை அழைத்துப் போக வந்தார். மாமனார் மரியாதைக்குக் குறை வைக்காதவர். தன் கட்டிலிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு எதிரில் பாயில் உட்கார்ந்துகொண்டார். கயிறு தளர்ந்த கட்டில். அப்பா அதற்குள் தொட்டில் பிள்ளை மாதிரி இறங்கிவிட்டார். பேசி முடித்து எழப் பார்த்தால் முடியவில்லை. ஒரு தரம் முயன்றார், மறுபடியும் முயன்றார், பிறகு சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மாமனார் ஒரு பக்கமும் என் வீட்டுக்காரர் ஒரு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கடலை பிடுங்க வந்த பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் காது மடல் சிவந்து போனதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அப்பா வரவே இல்லை. வெல்லம் வரும், எள்ளு வரும், அம்மா வருவாள். அப்பாவுக்கு மட்டும் எப்போதும் வேலை இருந்தது. வெள்ளாமை இல்லாத மாதத்திலும் வேலை இருந்தது.

இதை மாமியார் வீட்டில் எப்படிச் சொல்வது? சொன்னால் அப்பாவை இரண்டாம் தரம் தூக்கி நிறுத்துவது போலத்தான். அதோடு, வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் தன் பிறந்த வீட்டு மனுஷருக்காக நாற்காலி கேட்டால் ஊர் என்ன பேசும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அதிகாரியின் கால்சட்டை மேல் பழியைப் போட்டேன். உரலில் உட்கார்ந்து எழுந்தால் பின்னால் மாவு ஒட்டுகிறது, நமக்குத்தானே கௌரவக் குறைச்சல் என்றேன். மாமனாருக்குக் கௌரவம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாமான் கடை இருக்கிறது, புதிது செய்தால் இந்தக் காலத்தில் பச்சை மரத்தை வைத்து ஏமாற்றுவார்கள், பழையதுதான் நல்லது என்று அவரே சொல்லிவிட்டார்.

எனக்கு அதற்குள் ஒரு ஏற்பாடு முடிந்திருந்தது. பொங்கல் நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா எங்கே உட்காருகிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். தானியம் போட்டு வைக்கும் பெரிய மரப்பெட்டி ஒன்று உண்டு. அதன் மேல் கோணலாக உட்கார்ந்து வலது காலை வெளியே நீட்டிக்கொள்வார். எழும்போது யாரையும் கூப்பிடுவதில்லை. அவர் வெளியே போன சமயம் பார்த்துப் பெட்டியின் உயரத்தை ஒரு நூலால் அளந்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆக, எனக்கு வேண்டிய நாற்காலி எது என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். அந்த முடிச்சு உயரம் இருக்க வேண்டும். கை இருக்கக் கூடாது. இருந்தால் நீட்டிய கால் இடிக்கும். உட்காரும் இடம் தொய்யக் கூடாது. சாய்மானத்தின் மேல் விளிம்பு, பிடித்துக்கொண்டு எழுவதற்கு வாகாக இருக்க வேண்டும்.

மாமனார், மாமியார், நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பை மாட்டி ஓட்டிய காலம். மேடு வந்தால் வண்டி பெருமூச்சு விட்டு நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். மாமனார் முதல் ஆளாக இறங்கி, மாட்டை அதட்டுவது போல அதட்டித் தள்ளினார். காசும் கொடுத்து வண்டியும் தள்ளுகிறோமே என்று மற்றவர்கள் முனகினார்கள். அவர் மட்டும் உற்சாகமாக இருந்தார்.

கடை ஒரு பழைய கிடங்கு. ஏற்காட்டிலும் சேலத்திலும் பங்களாவைக் காலி செய்துவிட்டுப் போன துரைமார் வீட்டுச் சாமான்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கடைக்காரர் வாய் ஓயாத மனிதர். எந்த நாற்காலியைத் தொட்டாலும் "இது கலெக்டர் துரை ஒக்காந்ததுங்க" என்பார். நான்காவது நாற்காலிக்கும் அதையே சொன்னபோது என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, இத்தனையிலயும் அவரே ஒக்காந்திருந்தா அந்த மனுசன் வேலையை எப்பத்தான் பாத்தாரு?" என்றார்.

கடைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு டாக்டர் துரையை உட்கார வைத்தார்.

என் பாடு திண்டாட்டமாக இருந்தது. மாமனார் எதிரில் நான் நாற்காலியில் உட்கார முடியாது. அவரோடு நேராகப் பேசவும் முடியாது. மாமியார் வழியாகத்தான் எதுவும் போக வேண்டும். மாமியார்தான் வழி செய்தார். "நீங்க சித்த தெருவப் பாருங்க, நாங்க பொம்பளைங்க ஒக்காந்து பாக்கோணும்" என்று அவரைத் திருப்பி நிறுத்தினார். மாமனாரும் வாசலில் நின்று செவ்வாய்ப்பேட்டைத் தெருவை வெகு கவனமாகப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி நாற்காலியாக ஏறி இறங்கினோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பிறந்ததிலிருந்து அத்தனை நாற்காலியில் நான் உட்கார்ந்தது கிடையாது.

வெல்வெட் மெத்தை வைத்த ஒன்று கை இரண்டையும் விரித்துக்கொண்டு நின்றது. அதில் மூட்டைப்பூச்சி சம்சாரம் நடத்திக்கொண்டிருந்தது. வட்டப் பலகையோடு ஒன்று வளைத்த மரத்தில் செய்தது, பார்க்க ஒயில், உட்கார்ந்தால் ஆட்டம். பிரம்பு பின்னிய ஒன்றில் உட்கார்ந்ததும் பின்னல் மெதுவாகக் கீழே இறங்கியது. கட்டிலுக்குத் தங்கச்சி என்று அதை உடனே ஒதுக்கினேன். மாதா கோயிலிலிருந்து வந்த ஒன்றுக்கு முதுகுக்குப் பின்னால் ஜெபப் புத்தகம் வைக்கப் பலகைப் பை இருந்தது. மாமியாருக்கு அதை விட மனசில்லை. "வெத்தலைப் பை வெக்கறதுக்குன்னே பண்ணியிருக்கறானுங்க பாரு" என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார். நான் குனிந்து காலைச் சொறிவது போல நூலைப் பிடித்துப் பார்த்தேன். நாலு விரல் தாழ்ந்திருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கண்ணாடி உடைந்த ஒரு பீரோவுக்குப் பின்னால்தான் அந்த இரண்டும் இருந்தன. கருத்த ஈட்டி மரம். கை இல்லை. உட்காரும் இடம் ஒரே பலகை. துரைமார் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் லேசாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. சாய்மானத்தின் உச்சியில் அகலமான பலகை ஒன்று குறுக்கே ஓடியது. அதன் விளிம்பு உருண்டு கைப்பிடிக்குள் அடங்கியது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நூலை வைத்தேன். முடிச்சு பலகை விளிம்பில் சரியாக நின்றது. அப்பா அங்கேயே வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி எனக்குச் சந்தோஷம் பொங்கியது.

மாமனாரைத் திரும்பச் சொன்னோம். அவர் வந்து பார்க்க ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வியாபாரம் மாட்டு வியாபாரம். சந்தையில் ஜோடி பார்ப்பது போலவே இரண்டையும் வெளிச்சத்துக்கு இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். சுற்றி வந்தார். நாலு காலையும் தட்டினார். கவிழ்த்துப் போட்டு அடிவயிற்றில் மூட்டு பார்த்தார். "காலு ஊக்கமா இருக்குது. உசரம் ஒத்துக்குது. நல்ல ஜோடி" என்றார். நான் மூச்சு விட்டேன். அப்போது அவர் சாய்மானப் பலகையைத் துண்டால் துடைத்தார்.

தூசி போனதும் மர ரேகை தெரிந்தது. பலகையின் நட்ட நடுவில் ஒரு சுழி. ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து போட்டிருக்கிறார்கள் போல. இரண்டு நாற்காலியிலும் அதே இடத்தில் அதே சுழி. பார்க்க எத்தனை அழகு தெரியுமா. அதனால்தான் அந்தத் தச்சன் அதை நடுவில் வைத்திருப்பான். மாமனார் முகம் சுண்டிவிட்டது.

"மரம் நல்ல மரந்தான். முதுகுல சுழி கெடக்குது. வேண்டாம்" என்றார்.

மாடு வாங்குகிறவர்களுக்கு இது தெரியும். மாட்டின் மேல் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து அது குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வார்கள். நெற்றியில் சுழி இருந்தால் வாங்கியவன் தழைப்பான். முதுகில் இருந்தால் அந்த மாட்டைத் தானமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார்கள். கடைக்காரர் பாவம், ஒன்றும் புரியாமல், "சுழியா? அது மரத்தோட அழகுங்க, துரைமார் அதுக்குத்தான் காசு குடுப்பாங்க" என்றார். மாமனார் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பை வைத்த நாற்காலிப் பக்கம் நடந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கட்டைக்கு ஏதய்யா முதுகு, மயிர் ஏதய்யா என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாய் திறக்க முடியாது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கையில் நூல் அப்படியே இருந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"அதென்ன நூலு?"

மறைக்கத் தோன்றவில்லை. "எங்கய்யன் ஒக்கார்ற பெட்டி உசரமுங்க அத்தை" என்றேன்.

அவர் என் கையிலிருந்து நூலை வாங்கித் தானே குனிந்து தரையிலிருந்து பலகை வரைக்கும் பிடித்துப் பார்த்தார். முடிச்சு நின்ற இடத்தைப் பெருவிரலால் ஒரு தரம் தடவினார். நூலைச் சுருட்டித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு நேராக மாமனாரிடம் போனார்.

"ஏனுங்க, மாட்டு மேல ஏறி ஒக்காரோணும்னா எங்க ஒக்காருவீங்க?"

"முதுகுல. இதென்ன கேள்வி?"

"நாற்காலில எங்க ஒக்காருவாங்க?"

"இந்தப் பலகைல."

"அப்ப அதுதானுங்களே முதுகு? மேல நிமுந்து நிக்கறது தலை. சுழி நெத்தில இருக்குது. நெத்திச்சுழி ஜோடியை ஆராவது சந்தையில உட்டுப்போட்டு வருவாங்களா?"

மாமனார் நின்றுவிட்டார். திரும்பி வந்து இரண்டு நாற்காலியையும் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். இப்போது முன்னால் நின்று முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் லேசுப்பட்டவர் இல்லை. சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அது தலைன்னா, ஒக்கார்றவன் தலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டா ஒக்காருவான்?"

மாமியார் அசரவில்லை.

"தொரைமாரு ஏர்ற தினுசு அப்படி. அதுக்கு மாடு என்னங்க பண்ணும்?"

கடைக்காரருக்கு அதற்குள் விஷயம் பிடிபட்டிருந்தது. "ஆமாங்க, இதுல ஒக்காந்தப்பத்தானுங்க கலெக்டர் தொரைக்குப் பெரிய உத்தியோகமே வந்துது" என்று எடுத்துக் கொடுத்தார். மாமியார் ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். மாமனார் சுழியை விரலால் ஒரு வட்டம் தடவினார். "நெத்திச்சுழிதான்" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்தது போல. பிறகு வலது கையை நீட்டி மேலே துண்டைப் போட்டார். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். கடைக்காரர் அதை வாழ்த்து என்று நினைத்து, துண்டுக்குள் கையை விட்டு, துரைமார் செய்வது போலக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். மாமியார் குறுக்கே புகுந்து வாயாலேயே விலை பேசி முடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளை வேட்டியை வெயிலில் விரித்து இரண்டையும் கவிழ்த்துப் போட்டுத் தட்டினோம். பூச்சி எதுவும் விழவில்லை. ஆனாலும் மாமியார் மூட்டு மூட்டாக வெந்நீர் ஊற்றினார். தோட்டத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, கை அப்புறமாக வந்து மாட்டுவார்களா என்று கேட்டார்கள்.

அந்த வாரமே மாமியார் என் பிறந்த ஊருக்கு ஆள் விட்டார். சம்பந்தியம்மா என்று சொல்லி அனுப்பவில்லை. "தங்கச்சி பாக்கோணுங்குதுன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுகிறேன் என்றால் அவர் என் அப்பாவுக்குத் தங்கச்சிதானே. தங்கச்சி கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அப்பா வந்தார். வண்டியை விட்டு இறங்கும்போதே வண்டிக்காரரிடம், "மாட்டை அவுக்காத, இப்பவே திரும்போணும்" என்று சொன்னது சமையல்கட்டில் இருந்த எனக்குக் கேட்டது. கதவு மறைவில் வந்து நின்றேன். மாமனார் கட்டிலிலிருந்து எழுந்து, "வாங்க மச்சான்" என்று நாற்காலியைக் காட்டினார்.

அப்பா நாற்காலியைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த கட்டிலையும் பார்த்தார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தால் கட்டிலில் உட்காரும் மாமனார் ஒரு முழம் தாழ்ந்து போவார். பெண்ணைக் கொடுத்தவன் பெண்ணை எடுத்தவனுக்கு மேலே உட்காருவதா? இந்தக் கணக்கை நாங்கள் யாருமே போடவில்லை. அளந்த நானும் போடவில்லை.

"இருக்கட்டுங்க மச்சான். வண்டில ஒக்காந்துக்கிட்டேதானே வந்தேன். நிக்கறனுங்க" என்றார் அப்பா. பாரத்தையெல்லாம் இடது காலில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்துகொண்டார்.

"அண்ணா, ஒக்காருங்க. இது உங்க தங்கச்சி ஊடு" என்றார் மாமியார். அப்பா சிரித்தார். நின்றுகொண்டே இருந்தார். அந்த நிமிஷம் எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. அப்பா மேல்தான் அதிகம். இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பிவிடும், இனி எந்தத் தங்கச்சி கூப்பிட்டாலும் வரமாட்டார் என்று நினைத்தேன்.

மாமனார் கட்டிலில் உட்காரப் போனவர் உட்காரவில்லை. இரண்டாவது நாற்காலியை இழுத்து அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். அதுவரைக்கும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்தார். கால் தொங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி மடித்தார், மற்றதையும் தூக்கி மடித்தார். பந்திக்கு உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டு, முழங்கால் இரண்டும் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, வெகு கம்பீரமாகச் சொன்னார்: "கை இருந்தா இப்பிடி ஒக்கார முடியுங்களா மச்சான்? அதுக்குத்தான் தேடித் தேடி கையில்லாததா வாங்கியாந்தேன்."

அப்பா வாய் விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கும் முன்பே, சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு கோணலாக உட்கார்ந்து வலது காலை வெளியே நீட்டிவிட்டார்.

பிறகு மழை, கடலை விலை, யுத்தம், கரி பஸ் என்று பேச்சு நீண்டது. முன்னால் உரலைக் கவிழ்த்து மேலே பலகை போட்டு இலை வைத்தோம். அப்பா குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மோர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றேன். சாப்பிட்டு முடித்து அவர் எழப் போகும் நேரம், மாமியார் குனிந்து இலையை எடுத்தார். மாமனார் சட்டென்று முகத்தைத் திருப்பிக் கிணற்றுப் பக்கம் எதையோ உற்றுப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. அப்போதுதான் மாமனாருக்கும் எல்லாம் தெரியும் என்று எனக்குப் புரிந்தது. எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்டதில்லை.

அப்பா பின்னால் கையை ஊன்றித் தானாக எழுந்தார். கை கழுவினார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். வாசலில் நின்று வண்டிக்காரரைக் கூப்பிட்டார்.

"மாட்டை அவுத்துத் தண்ணி காட்டு. நாளைக்குப் போலாம்" என்றார்.

நான் சொம்போடு சமையல்கட்டுக்குள் ஓடிப் போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். பின்னாலேயே மாமியார் வந்தார். என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"அழுவறதை அப்பறம் வெச்சுக்க சாமி" என்றார். "கடலை மூட்டையை உசரமா அடுக்கி மேல பாயை விரி. எங்கண்ணன் படுக்கோணும்."